என் வீட்டுக்காரர் சக்கரத்தை நிறுத்திய கதை

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஐந்து பிள்ளைகளைப் பெற்று, ஐந்தையும் ஆளாக்கி, ஒன்றைக்கூட ஊர் வாயில் விழவிடாமல் வளர்த்தேன். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. பஸ் போர்டு படிப்பேன், கையெழுத்தைப் பெரிதாகப் போடுவேன், அவ்வளவுதான். ஆகவே நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். அவள் நர்ஸுக்குப் படிக்கிறவள். இதில் வரும் சொற்களைக் கேட்டு அவள் முகம் சுளிக்க மாட்டாள். சுளிப்பதை எல்லாம் நானே சுளித்துக்கொண்டு சொல்கிறேன்.

ஆம்பிளைகள் பல்வலி வந்தால் தெருவுக்கே சொல்வார்கள். முதுகுவலி என்றால் வீட்டையே நிற்கவைத்துத் தைலம் தேய்த்துக்கொள்வார்கள். விரலில் முள் குத்தினால் பெற்ற தாயைக் கூப்பிடுவார்கள். ஆனால் இடுப்புக்குக் கீழே, முழங்காலுக்கு மேலே ஏதாவது என்றால் வாயைத் தைத்துவிட்ட மாதிரிதான். என் வீட்டுக்காரரும் அப்படித்தான். அவர் வாயைத் தைத்துக்கொண்டதோடு விடவில்லை, என் வாயையும் சேர்த்துத் தைத்தார். அதனால் ஒரு நாள் கே.ஜி.எஃப். தங்கவயலில் எங்கள் நந்திதுர்க் சுரங்கத்து ஊர் முழுக்க மார்பில் அடித்துக்கொண்டு ஓடியது. அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

சுரங்கம் இன்னும் ஓடிக்கொண்டிருந்த தொண்ணூறுகள் அது. மூடப்போகிறார்கள், மூடப்போகிறார்கள் என்று பேச்சு மட்டும் இருந்தது. அவர் ஷாஃப்ட் என்கிற சுரங்கக் கிணற்றில் என்ஜின் டிரைவர். கேஜ் என்கிற கூண்டில் ஆட்களை ஏற்றிப் பூமிக்குள் இறக்குவதும், ஷிப்ட் முடிந்தால் மேலே தூக்குவதும் அவர் வேலை. கைப்பிடியைப் பிடித்து உட்கார்ந்தால், கூண்டில் ஆள் இருக்கிறவரை எழுந்திருக்கக் கூடாது. அத்தனை பேர் உயிரும் என் புருஷன் கையில் என்று எனக்கு அப்போது தலை கொஞ்சம் அதிகமாகவே நிமிர்ந்திருக்கும். குழாயடியில் நான் குடத்தை வைத்தால் மற்றக் குடங்கள் தானாக விலகும் என்று நினைத்துக்கொள்வேன். (விலகவில்லை. நான்தான் தள்ளினேன்.)

ஷாஃப்ட் கோபுரத்து உச்சியில் ஒரு பெரிய சக்கரம் உண்டு. கம்பெனி வரிசையாகக் கட்டிக்கொடுத்த எங்கள் லைன் வீடுகளில் எந்தச் சமையலறையில் நின்றாலும் தெரியும். கூண்டு ஏறி இறங்கும்போதெல்லாம் அது சுற்றும். ஷிப்ட் மாறுகிற வேளையில் ஓயாமல் சுற்றும். எங்கள் ஊர்ப் பெண்கள் துணி துவைத்தாலும் குழந்தைக்குப் பால் கொடுத்தாலும் ஒரு கண் அந்தச் சக்கரத்தில்தான். சுற்றவேண்டிய நேரத்தில் அது நின்றுவிட்டால் உள்ளே பாறை வெடித்திருக்கிறது என்று அர்த்தம். அடுப்பை அணைக்காமல் ஓடுவார்கள். இன்னொரு வழக்கமும் உண்டு. உள்ளே யாராவது செத்துப்போனால் பெண்டாட்டியிடம் யாரும் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். பேசாமல் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார்கள். அந்த மௌனத்துக்கு எங்கள் ஊரில் ஒரே ஒரு பொருள்தான்.

அவருக்கு முதலில் வந்தது கழிவறையில் தாமதம். எங்கள் லைனுக்குக் கோடியில் பொதுக் கழிவறை. போனால் வரமாட்டார். வெளியே சொம்போடு நிற்கிறவர்கள் இருமுவார்கள், செருமுவார்கள், கதவைத் தட்டுவார்கள். தட்டினால் அவருக்கு வந்துகொண்டிருந்ததும் நின்றுவிடும். முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். வீட்டுக்கு வந்து உட்காருவார், மறுபடி எழுந்து போவார். வேட்டியில் சொட்டு ஈரம் இருக்கும். கை கழுவிய தண்ணீர் என்பார்.

"இன்னாங்க, ஒடம்புக்கு?"

"சூடுமே. என்ஜின் ரூம்ல உக்காந்து உக்காந்து சூடு ஏறிப்போச்சு."

சூடுதானே, விட்டேனா? வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தேன். மோர் கொடுத்தேன். வாரம் தவறாமல் எண்ணெய் தேய்த்துவிட்டேன். மனுஷன் பளபளவென்று ஆனார், அவ்வளவுதான். ஷிப்டில் எழுந்திருக்க முடியாதே என்று அவர் பாட்டுக்குத் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டிருந்தார். அது எனக்குத் தெரியாது.

ஒரு நாள் அவர் டிரங்குப் பெட்டியில் சட்டை தேடியபோது ஒரு லேகிய டப்பா கிடைத்தது. கறுப்பாக, பிசுபிசுவென்று, கிராம்பு வாசனையோடு. மேலே மீசைக்காரர் ஒருவர் குதிரை மேல் உட்கார்ந்திருந்தார். எழுத்துக் கூட்டிப் படித்தேன். புது மாப்பிள்ளைகளுக்கு என்று போட்டிருந்தது. எனக்குத் தலை சுற்றியது. மூத்தவனுக்குப் பெண் பார்க்கிற வயதாகிறது. அப்பனுக்குப் புது மாப்பிள்ளை லேகியமா? யாருக்காக? நிச்சயமாக எனக்காக இல்லை. அது எனக்குத் தெரியுமே.

அன்று சாயங்காலம் தட்டில் சோற்றுக்குப் பதிலாக டப்பாவை வைத்தேன்.

"யாரு அவ?"

"எவ?"

"இத துண்ணுட்டு நீங்க யாரப் பாக்கப் போறீங்களோ அவ."

அவர் டப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கதவைச் சாத்தினார். நான் துடைப்பத்தை எடுத்து வைத்துக்கொண்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "எவளும் இல்லமே. எனக்கு ஒண்ணுக்கு சரியா வரல."

பங்காருபேட்டையில் ஒரு லாட்ஜுக்கு மாதம் ஒருமுறை வந்து உட்காருகிற வைத்தியரிடம் போயிருக்கிறார். அந்த ஆள் நாடியைப் பிடித்துவிட்டு, வாலிபத்தில் செய்த தப்புதான் காரணம், ஆம்பிளைத்தனமே கரைந்து மூத்திரத்தில் போகிறது என்று பயமுறுத்தி லேகியத்தைக் கட்டிக்கொடுத்திருக்கிறான். அதிலிருந்து இவருக்கு இரண்டு கவலை. போகாதது ஒன்று, போய்விட்டதாக நினைத்தது ஒன்று. எனக்கு வந்த சிரிப்பைச் சொல்லி முடியாது. இன்னொருத்தி இல்லை என்றதும் மூத்திரம் வராதது எனக்கு அத்தனை சின்ன விஷயமாகத் தெரிந்தது. இப்போது நினைத்தால் அங்கேதான் என் புத்தி வழுக்கியது.

"கம்பெனி ஆஸ்பத்திரிக்குப் போலாம் வாங்க" என்றேன்.

"போனா என்னா ஆவும்? அன்ஃபிட்டுன்னு எழுதிடுவான். சீட்ல இருந்து எறக்கி வெளில மண்ணு வார வைப்பான். இத்தன வருஷம் கேஜ் ஓட்டினவன் கூடை தூக்கறத இந்த ஊரு பாக்கணுமா? சத்தியம் பண்ணு. யாராண்டயும் வாயத் தொறக்கக் கூடாது."

டிரைவர் பெண்டாட்டி என்கிற பட்டம் எனக்கும்தானே போகும். தாலியைத் தொட்டுச் சத்தியம் செய்தேன்.

அதற்கப்புறம் ஒரு குளிர்காலம். அவருக்குச் சளி. மூக்கு ஒழுகினால் கைப்பிடியைப் பிடிக்க முடியாதென்று பஜாரில் சளி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு காலை ஷிப்டுக்குப் போனார். அந்த மாதிரி மாத்திரை மூக்கு ஒழுகுவதை அடைக்கிற மாதிரி கீழேயும் அடைத்துவிடும், இந்தக் கோளாறு உள்ளவர்கள் கேட்காமல் போடவே கூடாது என்று பிறகு டாக்டர் சொன்னார். அன்றைக்கு யாருக்குத் தெரியும்?

மதியம் ஷிப்ட் மாறுவதற்கு முன்பே வாசலில் நிழல் தட்டியது. பார்த்தால் அவர். கால்களை அகட்டிவைத்து, முட்டைக் கூடையைச் சுமப்பவர்போல அடிமேல் அடி வைத்து வருகிறார். முகமெல்லாம் வியர்வை.

"கேஜுல இருந்த ஆளுங்கள மேல கொண்டாந்து பிரேக் போட்டுட்டேன்" என்றார் முதலில். "வேற டிரைவர அனுப்பச் சொல்லிட்டு வந்தேன். காலைல இருந்து ஒரு சொட்டு வரலமே. வயிறு வெடிச்சிடும்போல கீது."

கையை வைத்துப் பார்த்தேன். தொப்புளுக்குக் கீழே பறங்கிக்காய் மாதிரி கல்லாக நின்றது. நான் என்ன செய்தேன்? வாளியைக் காட்டி, குழாயைத் திறந்துவிட்டேன், சத்தம் கேட்டால் வரும் என்று. குழந்தைகளுக்கு வருமே! வரவில்லை. வெந்நீர் ஊற்றினேன். வரவில்லை. பார்லிக் கஞ்சி காய்ச்சி, சொம்பு நிறைய மடக்குமடக்கென்று குடிக்கவைத்தேன். ஏரி நிறைந்து மதகு திறக்காமல் கிடக்கிறது. அதில் மேலிருந்து இன்னும் தண்ணீரை விட்ட புத்திசாலி நான்.

கொஞ்ச நேரத்தில் அவர் தரையில் சுருண்டார். சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு அழுதார். தன்னைப் பெற்ற தாய் செத்தபோதுகூட அழாத மனுஷன். எனக்கு அப்போதுதான் பயம் வந்தது. இது சின்ன விஷயம் இல்லை, இவர் செத்துப்போய்விடுவார் என்று தோன்றியது. தலையைக்கூட முடியாமல் சுரங்கத்துக் கேட்டுக்கு ஓடினேன்.

"ஆம்புலன்ஸ் சொல்லுங்க!"

"யாருக்கும்மா?" என்றார் வாட்ச்மேன்.

"எங்க வீட்டுக்காரருக்கு. என்ஜின் டிரைவரு."

"இன்னா ஆச்சு? அடிபட்டுடுச்சா?"

நான் பேசவில்லை.

"சொல்லும்மா."

"சொல்லக் கூடாதுங்க."

அவர் மெல்லத் திரும்பி மேலே பார்த்தார். ஷிப்ட் மாறுகிற நேரம். சக்கரம் அசையாமல் நின்றுகொண்டிருந்தது. மாற்று டிரைவர் இன்னும் வந்து சேரவில்லை. வாட்ச்மேன் முகத்தில் ரத்தம் போய்விட்டது. எதுவும் கேட்காமல் போனைச் சுழற்றினார்.

நான் வீடு திரும்புவதற்குள் வண்டி வந்துவிட்டது. அதற்குள் லைனே வாசலில் நின்றது. பெண்கள் ஒரு கண்ணால் நின்றுபோன சக்கரத்தையும் ஒரு கண்ணால் எங்கள் வீட்டையும் பார்க்கிறார்கள். உள்ளே ஸ்ட்ரெச்சரில் அவரை ஏற்றினார்கள். ஏற்றியதும் காலடியில் இருந்த போர்வையை எடுத்துத் தலைக்கு மேலே இழுத்து மூடிக்கொண்டார்.

"மூஞ்சியத் தொறங்க" என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு.

"எதிர்வூட்டு ஜனமெல்லாம் பாக்குது. மூடிக்கினே போறேன்."

ஆகவே லைன் கண்டது இதைத்தான்: சக்கரம் நின்றிருக்கிறது. டிரைவர் வீட்டிலிருந்து முகம் மூடிய ஒரு ஸ்ட்ரெச்சர் வெளியே வருகிறது. பின்னாலேயே டிரைவர் பெண்டாட்டி தலைவிரி கோலமாக, வாய் திறக்காமல் நடந்து வருகிறாள்.

பக்கத்து வீட்டுக் கோவிந்தம்மா ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். "அக்கா! இன்னாக்கா ஆச்சு? அண்ணனுக்கு இன்னா ஆச்சு?"

தாலியைத் தொட்டுச் செய்த சத்தியம். நான் நேராகப் பார்த்துக்கொண்டு வண்டியில் ஏறினேன். கோவிந்தம்மா கையை விட்டாள். அவள் முகம் மாறியதைப் பார்த்தேன்; எதற்கு மாறியது என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

ஆஸ்பத்திரியில் அவரை உள்ளே கொண்டுபோனார்கள். நான் வராந்தாவில் நின்று தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அப்போது தூரத்தில் ஒரு சத்தம் கேட்டது. கே.ஜி.எஃப்.பில் வாழ்க்கைப்பட்டவளுக்கு அந்தச் சத்தம் தெரியும். கூட்டமாகப் பெண்கள் ஓடிவருகிற சத்தம். அழுகை இல்லை, அழுகைக்கு முன்னால் வருகிற மூச்சு. ஐயோ, ஷாஃப்ட்டில் என்னவோ நடந்துவிட்டது போலிருக்கிறது, யார் வீட்டுக்கு இடி விழுந்ததோ என்று நானும் வாயில் கையை வைத்துக்கொண்டு அவர்களைப் பார்த்தேன். அவர்கள் என்னை நோக்கித்தான் வந்தார்கள்.

வயசான ஒரு அம்மா வந்து என்னைக் கட்டிக்கொண்டு ராகமாக ஆரம்பித்தே விட்டாள். "கேஜ ஓட்டின ராசாவே..." இன்னொருத்தி என் விரிந்த தலையில் தொங்கிய பூவில் கையை வைத்து, "பூவ எடுத்துடு கண்ணு" என்றாள். நான் அவள் கையைத் தட்டிவிட்டேன். அவள் பக்கத்தில் இருப்பவளிடம், "அதிர்ச்சில கீறா பாவம்" என்றாள்.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு கோவிந்தம்மா வந்தாள். என் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினாள். அவள் புருஷன் அதே ஷாஃப்ட்டில், அதே காலை ஷிப்டில் உள்ளே இருந்தார்.

"ஒன் வூட்டுக்காரரு போயிட்டாரு, நீ வாயத் தொறக்கல, சரிக்கா. எங்க வூட்டுக்காரரும் உள்ளதான கீறாரு. எத்தினி பேரு உள்ள மாட்டிக்கினாங்க? கேஜு அறுந்துடுச்சா? சக்கரம் நின்னுபோச்சேக்கா! ஒரு வார்த்த சொல்லேன்!"

சுற்றிப் பார்த்தேன். அத்தனை பேர் முகத்திலும் ஒரே கேள்வி. என் புருஷனுடைய மானம் ஒரு பக்கம், டிரைவர் சீட்டு ஒரு பக்கம், என் தாலி மேல் செய்த சத்தியம் ஒரு பக்கம். எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு நான் எத்தனை நேரம் நின்றேனோ தெரியாது. பிறகு தொண்டை கிழியக் கத்தினேன்:

"ஐயோ, யாருக்கும் ஒண்ணும் ஆவலடீ! எங்க வீட்டுக்காரருக்கு மூத்திரம் வரல! அதான்! மூத்திரம்தான் வரல!"

கூட்டம் அப்படியே நின்றது. ஒப்பாரி பாடிய அம்மா வாயைத் திறந்தபடியே இருந்தாள். எங்கேயோ ஒரு குழந்தை விக்கியது.

அந்த அமைதியில், உள்ளே வார்டு ஜன்னலிலிருந்து ஒரு குரல் வந்தது. நல்ல கணீரென்ற குரல். அப்போதுதான் குழாய் போட்டு மூத்திரத்தை இறக்கி, மனுஷனுக்கு உயிர் திரும்பியிருக்கிறது.

"அடியே! சத்தியம் பண்ணியேடீ!"

அவ்வளவுதான். கோவிந்தம்மா முதலில் சிரித்தாள். சிரித்தபடியே தரையில் உட்கார்ந்து அழுதாள். அழுதபடியே என் காலில் அடித்தாள். அதற்குள் யாரோ, "சுத்துதுடீ, சக்கரம் சுத்துது!" என்று கத்த, எல்லாரும் ஷாஃப்ட் பக்கம் ஓடினார்கள். போகிற வழியெல்லாம் அவர்கள் சொல்லிச் சிரித்துக்கொண்டு போனது எனக்குக் கேட்டது. சாயங்காலத்துக்குள் மாரிகுப்பம் ஸ்டேஷன் டீக்கடை வரைக்கும் செய்தி போய்விட்டது.

டாக்டர் சின்ன வயசுக்காரர், கன்னடத்துப் பிள்ளை. நிரம்பிய பாத்திரத்தைக் காட்டி, "ஏனம்மா, இஷ்டு தின சும்னே இத்ரா? இத்தனை நாளா சும்மா இருந்தீங்களா?" என்று பாதிக் கன்னடத்திலும் பாதித் தமிழிலும் திட்டினார். அப்புறம் பொறுமையாகச் சொன்னார். ஆம்பிளைகளுக்கு மூத்திரப்பைக்குக் கீழே, குழாயைச் சுற்றி ஒரு சுரப்பி உண்டாம். ப்ராஸ்டேட் என்று பெயர். வயசாக ஆகப் பாதிப் பேருக்கு மேல் அது பெருக்கும். பெருத்தால் குழாயை நெரிக்கும். சூடும் இல்லை, வாலிபத்துத் தப்பும் இல்லை, தலை நரைக்கிற மாதிரி ஒரு சங்கதி. ஆனால் அப்படியே விட்டால் சிறுநீரகம் கெடும். சில பேருக்கு அந்தப் பெருக்கம் புற்றாகவும் இருக்கும். அதனால் பார்த்துவிட வேண்டும்.

எப்படிப் பார்ப்பது என்று கேட்டீர்களா? கையுறை மாட்டிக்கொண்டு பின்வழியாக விரல் விட்டுத்தான். வெளியே நின்ற எனக்கு, டிரைவர் இதுவரை பேசியே கேட்டிராத பாஷை எல்லாம் கேட்டது. தெலுங்குகூட இருந்தது.

ரத்தத்தையும் சோதித்தார்கள். புற்று இல்லை. பெங்களூரில் பெரிய ஆஸ்பத்திரியில், வெளியே வெட்டாமல் குழாய் வழியாகவே சுரண்டி எடுத்துவிடுவார்கள் என்றார்கள். அவர் என்னை வெளியே போகச் சொல்லிவிட்டு டாக்டரிடம் மெல்ல ஏதோ கேட்டார். டாக்டர், "அம்மாவும் இருக்கட்டும், அவங்களும் கேக்கணும்" என்று என்னை நிறுத்திவைத்தார். ஆம்பிளைத்தனம் எங்கேயும் கரைந்து போகவில்லை, ஆபரேஷனுக்குப் பிறகும் பெரும்பாலும் போகாது, பிள்ளை மட்டும் இனிமேல் உண்டாவது கஷ்டம் என்றார். "எத்தனை பிள்ளைங்க?" என்று கேட்டார். ஐந்து என்றேன். "சாக்காகலில்வா?" போதாதா என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஆனால் அவர் தோள் இறங்கியதை நான் கவனித்தேன். அந்த லாட்ஜ்காரன் ஏற்றிவைத்த மூட்டை அன்று இறங்கியது.

டிரைவர் சீட்டு என்ன ஆயிற்று? அதற்குத்தானே இத்தனை கூத்து. சுரங்கத்து என்ஜினியர் பார்க்க வந்தார். என் வீட்டுக்காரர் குழாயும் பையுமாகப் படுத்திருந்தவர் எழுந்து நிற்கப் பார்த்தார். "படுங்க, படுங்க. அந்த வலியிலயும் கேஜை மேல கொண்டுவந்து, பிரேக் போட்டு, ஆள் சொல்லிட்டுத்தான எழுந்தீங்க? குணமாகி வாங்க, சீட் எங்க போவுது?" என்றார். ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தையை முதலிலேயே கேட்டிருந்தால் எண்ணெயாவது மிச்சமாகியிருக்கும். போகும்போது என்ஜினியர் நின்று, குரலைத் தாழ்த்தி, "அம்மா, நீங்க போய் ஒரு டீ சாப்பிட்டு வாங்களேன்" என்றார்.

அப்போதுதான் ஆரம்பித்தது. ஆரஞ்சுப் பழத்தோடு ஒருவர் வருவார். கேலி செய்வார், சிரிப்பார். கொஞ்ச நேரம் கழித்துச் சுற்றுமுற்றும் பார்ப்பார். "அண்ணி, டீ குடிச்சீங்களா?" என்பார். நான் வெளியே போய்த் திரும்பினால் இரண்டு ஆம்பிளைகளும் தலையோடு தலை வைத்துக் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருப்பார்கள். எத்தனை பேர்! பாதி லைன் ஆம்பிளைகள் கழிவறையில் இருமல் சத்தத்துக்குப் பயந்துகொண்டு நின்றவர்கள்தான். மூத்திரம் போகும்போது எரிகிறவர், சர்க்கரையால் ஓயாமல் போகிறவர், பெண்டாட்டியிடம் படுக்கவே பயந்து பாயைத் தனியே போட்டுக்கொண்டவர். எல்லாருக்கும் இப்படி இருப்பது தான் ஒருவன்தான் என்கிற நினைப்பு. ஆஸ்பத்திரி டீ மோசம். அந்த வாரம் நான் குடித்ததை இன்றுவரை மறக்க முடியவில்லை.

என் வீட்டுக்காரர் மட்டும் என்னோடு பேசவில்லை. பெங்களூர் போகிற வழி முழுக்க ஜன்னலைப் பார்த்தபடி வந்தார். ஆபரேஷன் முடிந்தது. குழாயை எடுத்த அன்று காலை, தானாகக் கழிவறைக்குப் போனார். நான் கதவுக்கு வெளியே நின்றேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் உள்ளேயிருந்து குரல்:

"மே! கேக்குதா?"

கேட்டது. மழைக்காலத்துத் தகரக் கூரையில் தண்ணீர் விழுகிற மாதிரி தடதடவென்று கேட்டது. "கேக்குதுங்க, கேக்குது!" என்று நான் அழுதேன். பக்கத்துக் கட்டில்களுக்குத் துணைக்கு வந்திருந்த பெண்கள் என்னைப் பார்த்த பார்வையை நான் கண்டுகொள்ளவில்லை. எங்கள் சண்டை அப்படித்தான் தீர்ந்தது.

அவர் திரும்பப் போய் சீட்டில் உட்கார்ந்தார். சக்கரம் சுற்றியது. முதல் நாள் கேஜில் ஏறின ஆட்கள், "டிரைவர் அண்ணா, போய்ட்டு வந்துட்டியா? நடுவுல நிறுத்திடாதண்ணா!" என்று கத்தினார்களாம். அவரும் சிரித்தாராம்.

எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவர் கோவிந்தம்மா புருஷன். எங்கள் வாசலில் நின்று, என் குரல் மாதிரியே, "மூத்திரம்தான் வரல!" என்று கத்திக்காட்டுவார். ஆள் ரொம்பத் தமாஷ். கழிவறை வரிசையில் அவரும் நேரம் எடுப்பவர்தான். அது எனக்குத் தெரியும், கோவிந்தம்மாவுக்கும் தெரியும். "போய்ப் பாத்துட்டு வாய்யா" என்று அவள் கெஞ்சுவாள். என் வீட்டுக்காரரும் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "எனக்கு இன்னா, உன்ன மாதிரி ஊரக் கூட்டணுமா?" என்று அதற்கும் சிரித்தார். பிறகு அவருக்கு முதுகுவலி வந்தது. அதற்கு மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போனார், முதுகுவலி சொல்லக்கூடிய வலிதானே. புற்று எலும்பு வரைக்கும் ஏறியிருந்தது. சுரங்கம் மூடுவதைப் பார்க்க அவர் இல்லை.

துக்கம் கேட்கப் போனபோது கோவிந்தம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பிறகு, "அன்னிக்கி உன்ன உலுக்கினேனே அக்கா, அந்த மாதிரி இவர உலுக்கியிருக்கணும்" என்றாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் அதற்கப்புறம் நிறைய வருஷம் இருந்தார். கடைசியில் நெஞ்சுவலியில் போனார். எங்கள் வீட்டில் இன்றைக்கும் யாராவது ஒரு சங்கதியை மறைத்து முழித்தால், "இன்னா, போர்வைய இழுத்து மூடிக்கினியா?" என்றுதான் கேட்போம். கல்யாணமாகி வந்த மருமகள்களுக்கு முதல் வாரத்திலேயே இந்தக் கதையைச் சொல்லிவிடுவார்கள். நானும் கூடவே சிரிப்பேன். என்னை வைத்துத்தானே சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

ஆனால் இப்போது இதை எழுதச் சொன்னது சிரிக்க அல்ல. என் பெரிய பிள்ளைக்கு ஐம்பத்தாறு வயது. தினமும் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் வருகிறான். வண்டியில் கழிவறைப் பக்கத்தில் இடம் கிடைத்தால்தான் உட்காருகிறான் என்று கூடப் போகிறவர்கள் சொல்கிறார்கள். வீட்டில் பாத்ரூமுக்குப் போனால் குழாயை முழுக்கத் திறந்துவிட்டுக்கொள்கிறான். வெளியே வந்து, "மோட்டார்ல தண்ணி நல்லா வருதுமா" என்கிறான். சாயங்காலத்தில் டீயை வேண்டாம் என்று சொல்ல ஆரம்பித்திருக்கிறான். நான் கேட்டால் கோபம். பெண்டாட்டி கேட்டால் அதைவிடக் கோபம். அவன் அப்பாவின் கோபம் அப்படியே. நான் இந்த முறை யாருக்கும் சத்தியம் செய்து கொடுக்கவில்லை.

எழுதியது போதும், கண்ணு. ஒரு தரம் முதலிலிருந்து படித்துக் காட்டு, தப்பு இருந்தால் சொல்கிறேன். இரு, இங்கே வேண்டாம். உங்க அப்பன் ஹாலில் உட்கார்ந்திருக்கிறான். அங்கே போய் அந்த டி.வி.யை அணைத்துவிட்டு, பலமாகப் படி.